கீழே நட்டைப் பிடித்தவர்

மாலை ஐந்தே கால். வாய்க்கால் கரைச் சாலை. இடது பக்கம் வாய்க்கால், வலது பக்கம் வெறும் பொட்டல். நாலு கிலோமீட்டருக்கு ஒரு கடை கிடையாது, ஒரு வீடு கிடையாது. மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை... ஆனால் வானம் இறங்கி வந்து, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல நின்றது. அந்தச் சாலையில் ஒரே ஒரு மோட்டார் சைக்கிள். பின்சீட்டில் கட்டியிருந்த இரும்புப் பெட்டி ஒவ்வொரு பள்ளத்துக்கும் 'ஜல்... ஜல்...' என்று குலுங்கிக்கொண்டே போனது.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். அந்தப் போர்வையில் பாதியை அவனுக்கும் கொடு, பாவம், இப்போதே முகம் வெளுத்துவிட்டது. இன்னும் ஒன்றுமே நடக்கவில்லையப்பா.

இது நடந்தது நம் மேல்மாடித் தையல்காரனின் தாய்மாமனுக்கு. ஆள் இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். தொழிலும் பார்க்கிறார். ஆனால் குழி உள்ள மெஷின் என்று சொன்னால் போதும், வண்டி வைத்து அழைத்தாலும் வரமாட்டார்.

மரம் அறுக்கிற, இழைக்கிற மெஷின்களைப் பழுது பார்ப்பது மாமாவின் தொழில். தொழிலில் அவரை எல்லாரும் 'கால்சுத்து' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த போல்ட்டை இறுக்கினாலும் போதும் என்கிற இடத்தில் நிறுத்துவார். ஒரு மூச்சு விடுவார். "இன்னும் ஒரு கால் சுத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொஞ்சமே கொஞ்சம் முடுக்குவார். அதோடு சரி. அதற்கு மேல் ஒரு மயிரிழைகூடப் போகமாட்டார். வீட்டில் தண்ணீர்க் குழாயை மூடினாலும் அதே கால் சுற்று. அப்புறம் அத்தை வந்து திறக்க முடியாமல், துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவருடைய பரம்பரையையே திட்டுவாள்.

சாலை முடிகிற இடத்தில் ஒரு மர மில். தகரக் கூரை, மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. அதற்குப் பின்னால் முப்பது எட்டு நடந்தால் வீடு. வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம். அதற்குப் பிறகு மில்லை நடத்துவது அந்த அம்மாதான். கூடமாட ஒரு கொழுந்தன்.

"வாங்கண்ணே. மழைக்கு முன்னாடி வந்துட்டீங்க."

"என்னம்மா ஆச்சு?"

"ஓடும்போது தரையே அதிருது. நேத்து அறுப்புக்காரர் பாதியில நிறுத்திட்டார். 'இத சரி பண்ணாம கிட்ட போக மாட்டேன்'னுட்டார். நாளைக்குக் காலையில லோடு வருது. எப்படியாவது ஓட வச்சுக் கொடுங்கண்ணே."

மெஷின் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் விளங்காது. பட்டை ரம்பம். ஆள் உயரத்துக்கு இரண்டு பெரிய சக்கரம். ஒன்று மேலே. இன்னொன்று தரைக்குக் கீழே, குழிக்குள். இரண்டையும் சுற்றி ரம்பப் பட்டை ஓடும். தரையில் கை நுழைகிற அளவு ஒரு சந்து விட்டிருப்பார்கள், பட்டை அது வழியாகத்தான் இறங்கும், ஏறும். கீழ்ச் சக்கரத்தின் அச்சைத் தாங்குவது இரண்டு பேரிங் கட்டைகள். கட்டை என்றால் மரமில்லை, வார்ப்பிரும்பு. ஒவ்வொன்றுக்கும் நாலு போல்ட், ஆக எட்டு. போல்ட்டை மேலேயிருந்து போடவேண்டும். தலை மேலே நிற்கும். நட்டு குழிக்குள்ளே, மெஷினைத் தாங்குகிற இரும்புப் படுகைக்கு அடியில்.

அதனால் அது ஒருவர் செய்கிற வேலை கிடையாது. மேலே ஒருவர் தலையைத் திருப்பவேண்டும். கீழே ஒருவர் நட்டை அசையாமல் பிடித்துக்கொள்ளவேண்டும். பிடிக்க ஆள் இல்லை என்றால் இரண்டும் சேர்ந்து சுற்றும். விடிய விடியத் திருப்பினாலும் இறுகாது.

மாமா முதலில் போய் ஃபியூஸைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அது அவர் வழக்கம். பிறகு ரம்பப் பட்டையைக் கழற்றி ஓரமாகச் சுருட்டி வைத்தார். மெஷினுக்குப் பின்னால் பலகை மூடியைத் தூக்கி, இரும்பு ஏணியில் குழிக்கு இறங்கினார். ஒன்றரை ஆள் ஆழம். நனைந்து புளித்த மரத்தூள் வாடை... பழைய கிரீஸ் வாடை... அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று. ஈரத் துணியை மூட்டை கட்டி மறந்துபோன மாதிரி.

விளக்கைப் பிடித்துப் பார்த்தார். எட்டு நட்டில் மூன்று, வெறும் விரலாலேயே சுற்றின. கழற்றி வந்த போல்ட்டுகளில் பாதிக்குத் தலையில் எழுத்தே இல்லை. நல்ல போல்ட் என்றால் தலையில் எண் அடித்திருக்கும், எவ்வளவு தாங்கும் என்று. மொட்டைத் தலை என்றால் கதவுக்கும் நாற்காலிக்கும்தான் ஆகும். அதை ஓடுகிற சக்கரத்துக்குப் போட்டால் இழுத்த இழுப்புக்கு நீண்டுகொண்டே போய், ஒருநாள் 'பட்'.

"யாரும்மா இதெல்லாம் போட்டது?"

மேலேயிருந்து குரல் மட்டும் வந்தது. "கொழுந்தன்தான்ண்ணே. கிடைச்சத போட்டிருப்பான்."

எட்டையும் தூக்கிப் போட முடிவு செய்தார். அவருடைய பெட்டியில் சரியான கனத்தில், சரியான நீளத்தில், எண் அடித்த புதிய போல்ட்டுகள் இருந்தன. எண்ணினார். ஏழு. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். ஏழுதான்.

"எட்டாவது ஒண்ணு வேணுமே தாயி. பழசு ஏதாவது கிடக்கா?"

அந்த அம்மா ஒரு டின்னைக் கொண்டுவந்து வைத்தார். துரு, ஆணி, உடைந்த வாஷர்... கிளறினார். ஒன்று கிடைத்தது. கனம் சரி. நீளம் சரி. தலையில் எண்கூட இருந்தது. மாமாவுக்கு ஒரு பரீட்சை உண்டு. பழைய போல்ட் எதுவானாலும் ஒரு புது நட்டை எடுத்து, மரையில் வைத்து, வெறும் விரலால் ஓட்டிப் பார்ப்பார். கடைசி வரை வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. நடுவில் எங்காவது பிடித்தால் அந்த இடத்தில் போல்ட் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியும்.

ஓட்டினார். சுற்றியது... சுற்றியது... நடுவில் 'நறுக்'.

பிடித்துக்கொண்டது.

தூக்கி எறியவேண்டிய போல்ட். வேறு யாராவது அதை எடுத்து மாட்டப் போனால் கையிலேயே அடித்திருப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்து, தகரக் கூரையில் முதல் சொட்டு விழுந்தது. அப்புறம் கூரை முழுக்க ஒரே இரைச்சல். திரும்பப் போய், கடை திறந்திருக்கிறதா என்று பார்த்து, இந்தச் சாலையில் மறுபடி வருவதென்றால்... 'ஒண்ணுதானே' என்று நினைத்தார். 'மத்த ஏழும் புதுசு. தாங்கிக்கும்.'

இதைச் சொல்லும்போது மாமா இன்றைக்கும் தலையைக் குனிந்துகொள்வார்.

எட்டு போல்ட்டையும் மேலேயிருந்து போட்டார். மறுபடி குழிக்கு இறங்கி, நட்டுகளை விரலால் ஏற்றினார். ஏழு லேசாக ஏறின. எட்டாவதை, போல்ட் நுனியைக் குறடால் கவ்விப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனர் வைத்து, பிடித்த இடத்தைத் தாண்டி வம்பாக ஏற்றினார். கீழே பிடிக்கப் போகிறவருக்காக ஒரு ரிங் ஸ்பேனரைக் குழிச் சுவரின் உள்திட்டில் வைத்துவிட்டு மேலே வந்தார்.

"பிடிக்க ஆள் வேணுமே."

"கொழுந்தன் டவுனுக்குப் போயிருக்கான். இப்ப வந்துடுவான். வந்ததும் நேரா குழிக்கு இறங்கச் சொல்றேன். அவன் அவ்வளவா பேச மாட்டான்ண்ணே, ஒண்ணும் நினைச்சுக்காதீங்க."

"பேசாத ஆளா? அப்ப வேலை நடக்கும்."

அந்த அம்மா சிரித்துவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் வீட்டுக்கு ஓடினார்.

மாமா மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, போல்ட் தலைகளைத் துடைத்தார். அரை மணி நேரம் போயிருக்கும். மழை குறைவதாக இல்லை. வெளிச்சம் போய்விட்டது. அவருடைய கைவிளக்கு மட்டும்தான்.

அப்போது மெஷினுக்குப் பின்னாலிருந்து ஏணிச் சத்தம்.

டங்... டங்... டங்...

"வந்துட்டியா தம்பி? ஸ்பேனர் உள்திட்டுல இருக்கு பாரு."

பதிலுக்குப் படுகைக்கு அடியில், இரும்பில், இரண்டு தட்டு.

டக்... டக்.

'தயார்' என்கிறான். மாமாவுக்குப் பிடித்துப்போயிற்று. முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினார். திருப்பினார்.

சாதாரணமாக, கீழே பிடிக்கிறவன் என்றால் என்ன செய்வான்? ஸ்பேனர் வழுக்கும். விரலை நசுக்கிக்கொள்வான். 'ஐயோ அம்மா' என்பான், நம்மையும் நம் போல்ட்டையும் சேர்த்துத் திட்டுவான். இங்கே அப்படி ஒன்றும் இல்லை. நட்டு பாறையில் வைத்துக் கட்டிய மாதிரி நின்றது. ஒரு நூல் அசையவில்லை.

வரிசையாக இறுக்கக் கூடாது. ஒரு மூலையை இறுக்கினால் அடுத்து எதிர்மூலை. அப்போதுதான் கட்டை சமமாக உட்காரும். பழகாதவனுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கும். மாமா முதல் போல்ட்டை முடித்து, அடுத்தது எது என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் எதிர்மூலை போல்ட்டுக்கு அடியிலிருந்து...

டக்... டக்.

"அட! யாருப்பா உனக்குத் தொழில் கத்துக் கொடுத்தது?"

மழைச் சத்தம்தான்.

இரண்டு. மூன்று. நாலு. ஒரு கட்டை முடிந்தது. அடுத்த கட்டைக்கு நகர்ந்தார். ஐந்தாவது போல்ட்டை இறுக்கும்போது, அந்தத் தரைச் சந்து வழியாக ஒரு குளிர்க் காற்று அவர் முழங்காலில் பட்டது. அதோடு ஒரு வாசனை... பச்சை மரத்தை அப்போதுதான் அறுத்த மாதிரி. அந்த மில்லில் முந்தின நாளிலிருந்து ஒரு குச்சிகூட அறுபடவில்லை.

ஆறாவது போல்ட். போதும் என்கிற இடம் வந்தது. நிறுத்தினார். மூச்சு விட்டார். 'இன்னும் ஒரு...' என்று சொல்வதற்காக உதட்டைப் பிரித்தார். சொல்லவில்லை. ஸ்பேனரிலும் கை வைக்கவில்லை.

போல்ட் தலை ஒரு அசைவு அசைந்து நின்றது.

கீழே நட்டு திரும்பியிருக்கிறது. தொட்டுப் பார்த்தார். சரியாக, கால் சுற்று.

மாமா சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகு, சிரித்திருக்க வேண்டாமோ என்று ஒரு எண்ணம் வந்ததாம். மழையில் மேலே சொல்லிக்கொள்வது எப்படிக் கீழே கேட்டிருக்கும்? அதுவும் இந்தத் தடவை சொல்லவே இல்லையே? சரி, விவரமான பையன், கைப்பழக்கத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டிருப்பான் என்று தன் மனசுக்குத் தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஏழும் முடிந்தது.

எட்டாவது. தலையில் ஸ்பேனரை வைத்துத் திருப்பினார். போல்ட் 'கிறுகிறு'வென்று சும்மா சுற்றியது. கீழே யாரும் பிடிக்கவில்லை.

"தம்பி... பிடிப்பா."

இல்லை.

"கை வலிக்குதா? கடைசி ஒண்ணுதான். பிடிச்சுக்கோ."

கீழே ஸ்பேனரை இரும்பின்மேல் வைக்கிற சத்தம். எறியவில்லை... மெதுவாக, பக்குவமாக வைத்தான். 'டிங்.' அப்புறம் நட்டு கழல்கிற சத்தம். இறுகுகிற பக்கம் அல்ல, கழல்கிற பக்கம். கிர்ர்... கிர்ர்... நடுவில் ஒரு இடத்தில் நின்றது. எந்த இடம் என்று மாமாவுக்குத் தெரியும். ஒரு 'நறுக்'. மறுபடி கிர்ர்... கிர்ர்...

பிறகு அந்த போல்ட் தானாக மேலே வந்தது. கீழேயிருந்து தள்ளுகிறார்கள். ஒரு விரற்கடை. இரண்டு விரற்கடை. தலை சாய்ந்து, துளையில் தொற்றிக்கொண்டு நின்றது.

'இது வேண்டாம்' என்கிறான்.

மாமாவுக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. திருடும்போது கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி. இத்தனை வருஷத் தொழில், கீழே நிற்கிற ஒரு பையன் விரலால் தடவிப் பார்த்துத் திருப்பித் தந்துவிட்டான்.

"தெரியும்ப்பா," என்றார் சந்தின் பக்கம் குனிந்து. "தெரிஞ்சேதான் போட்டேன். வேற இல்ல. தப்புதான்."

போல்ட்டை உருவிக் கையில் எடுத்தார்.

அப்போது அந்தத் தரைச் சந்திலிருந்து ஒரு கை மேலே வந்தது.

மணிக்கட்டு வரை வந்தது. திரும்பியது. உள்ளங்கை மேலே பார்க்க, ஐந்து விரலும் விரிந்து, அப்படியே காத்திருந்தது.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். மெஷினுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டால், என்ன ஏது என்று கேட்காமல் அதில் ஒரு சாமானை வைப்பதுதான் மாமாவின் இருபத்தைந்து வருஷப் பழக்கம். யோசிக்கிற வேலையே இல்லை. அவர் அந்த போல்ட்டை அந்தக் கையில் வைத்தார்.

வைக்கும்போது விரல் பட்டது. ஐஸ் மாதிரி. நுனியெல்லாம் சுருங்கி, வெளுத்து, நாள்கணக்காகத் தண்ணீரில் ஊறின மாதிரி... விரலிடுக்கில் மரத்தூள்.

கை மூடிக்கொண்டது. கீழே போயிற்று.

'பையன் மழையில் நனைந்துகொண்டு வந்திருக்கிறான், பாவம்' என்றுதான் மாமா அப்போதும் நினைத்தார். "மேல ஏறி வா தம்பி, மிச்சத்த நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே விளக்கை எடுத்துச் சந்துக்குள் காட்டினார்.

தண்ணீர்.

வாய்க்கால் நிரம்பி, வடிகால் வழியாகக் குழிக்குள் ஏறியிருந்தது. ஒன்றரை ஆள் ஆழமும் நிறைந்து, படுகையின் அடியைத் தொட்டுக்கொண்டு, கறுப்பாக நின்றது. நட்டுகள் எல்லாம் முழுகியிருந்தன.

"டேய்! தம்பி!"

எழுந்து, மெஷினைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார். குழி வாயில் குப்புறப் படுத்து, தோள் வரை கையை விட்டுத் துழாவினார். முடி கிடைக்குமா, சட்டை கிடைக்குமா... சில்லென்ற தண்ணீர்தான். துழாவும்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. குழி முழுக்க, தண்ணீரின்மேல் மரத்தூள் மிதந்து, பால் ஆடை மாதிரி படர்ந்திருந்தது. அவர் கையை விட்ட இடத்தில் மட்டும்தான் அது கிழிந்திருந்தது. மற்றபடி எங்கும்... ஏணிப் பக்கத்தில்கூட... ஒரு கீறல் இல்லை.

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு அந்த முப்பது எட்டை அவர் எப்படிக் கடந்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. கதவைத் தட்டத் தட்ட, அந்த அம்மா வந்து திறந்தார்.

"ஏம்மா... உன் கொழுந்தன்... குழியில... தண்ணி ஏறிடுச்சும்மா..."

"அவனா? அவன் டவுன்லயே இருக்கானே. ரோட்டுக்கு மேல தண்ணியாம். இப்பத்தான் போன் பண்ணினான். உங்ககிட்ட வந்து சொல்லலாம்னா இந்த மழையில கால எடுத்து வைக்க முடியல..."

மாமா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார். தோள் வரை நனைந்த கையைப் பார்த்தார். பிறகு, ரகசியம் கேட்கிற குரலில், மெதுவாகக் கேட்டார்.

"ரெண்டு தட்டு... தட்டினாரா?"

மாமா தலையை மட்டும் ஆட்டினார்.

அந்த அம்மா அவரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், நாற்காலியில் உட்காரவைத்து, துண்டு கொடுத்தார். கொதிக்கக் கொதிக்க டீ போட்டுக் கொடுத்தார். முகத்தில் பயமே இல்லை. சொல்லப்போனால், வெகுநாள் கழித்து ஊரிலிருந்து யாரோ வந்த மாதிரி ஒரு பூரிப்பு.

"பயப்படாதீங்கண்ணே. அவருதான். எங்க வீட்டுக்காரர்."

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்ததைச் சொன்னார். அவர் கிரீஸ் வைக்கக் குழிக்குள் இறங்கியிருக்கிறார். தெரியாமல் மேலே யாரோ மெஷினைப் போட்டுவிட்டார்கள். ஓடின ஓட்டத்தில், நீண்டுபோயிருந்த ஒரு பழைய போல்ட் அறுந்தது. கட்டை எகிறியது. சக்கரம் சரிந்தது. அவர் மேலே வரவில்லை.

"காரியமெல்லாம் முடிஞ்சு ஒரு மாசம் இருக்கும். சாயங்காலம் மில்லப் பூட்டப் போனேன். தாங்க முடியாம அந்த மெஷின் பக்கத்துல உக்காந்து அழுதேன். அப்ப கீழேருந்து ரெண்டு தட்டு. நான் விரலால தரையில ரெண்டு தட்டு தட்டினேன். மறுபடி ரெண்டு. அன்னிலேருந்து தினமும் போறேண்ணே. கொஞ்ச நேரம் உக்காந்து பேசிட்டு வருவேன். நான் பேசுவேன், அவர் தட்டுவார். யார்கிட்டயும் சொன்னதில்ல. பைத்தியம்னு சொல்லிடுவாங்க."

மாமா டீயைக் குடித்தார். கேட்டுக்கொண்டிருந்தவருக்கு மனசு இளகிவிட்டது. அந்த எட்டாவது போல்ட்டைப் பற்றியும் சொன்னார். தான் செய்த தப்பையும் மறைக்காமல் சொன்னார்.

"பாத்தீங்களா?" அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீண்ட போல்ட்டுன்னா அவரு எப்படிப் பிடிப்பாரு? அதாலதானே போனாரு. நாளைக்கு இன்னொருத்தன் போகக் கூடாதுன்னு திருப்பிக் கொடுத்திருக்காரு. அவருதான்ண்ணே. சந்தேகமே இல்ல."

"கையைக்கூட நீட்டினாரும்மா."

டம்ளரை எடுக்கப்போன அந்த அம்மாவின் கை நின்றது.

"கையா? பாத்தீங்களா? என் கண்ணுல நாலு வருஷத்துல ஒரு தடவைகூடக் காட்டினதில்லையே..." குரலில் சின்னதாய் ஒரு பொறாமைகூட இருந்ததாம். "எப்படி இருந்துச்சு? சொல்லுங்கண்ணே. எந்தக் கை?"

மாமாவுக்கு அந்த அம்மாவை ஆறுதல்படுத்தவேண்டும் என்று ஆசை. உள்ளபடி, விவரமாகச் சொன்னார். தன் வலது கையையே நீட்டிக் காட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க.

"இந்தக் கைதான். இப்படி. அஞ்சு விரலையும் நல்லா விரிச்சு, சாமான் கேக்கற மாதிரி..."



அந்த அம்மா, மாமா நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை. கூரையிலிருந்து ஒரு பாத்திரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது... டொப்... டொப்... முகத்தில் இருந்த பூரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து போவதை மாமா பார்த்தார்.

"அஞ்சு விரலா?"

"ஆமாம்மா."

"நல்லா பாத்தீங்களா?"

"என் கையால போல்ட்ட வச்சேன்மா. விரல் பட்டுச்சு."

"எங்க வீட்டுக்காரருக்கு," என்றார் அந்த அம்மா. "வலது கையில மூணு விரல்தான்ண்ணே. நடுவிரலும் மோதிர விரலும் கல்யாணத்துக்கு முன்னாடியே ரம்பத்துல போயிடுச்சு."

மாமா நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"அப்ப..." அந்த அம்மாவின் குரல் கீழே போய்விட்டது. "அப்ப நாலு வருஷமா நான் யார்கிட்ட பேசிக்கிட்டு இருந்தேன்?"

அந்த அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"எல்லாத்தையும் சொல்லியிருக்கேனேண்ணே. எந்த அறையில படுக்கறேன், என்னிக்கு கொழுந்தன் இருக்க மாட்டான், சாவிய எங்க வைக்கறேன்... ஒண்ணு விடாம சொல்லியிருக்கேனே. போன வாரம்கூட... பின்கதவுத் தாழ்ப்பாள்ல திருகாணியெல்லாம் கழண்டு தொங்குது, தள்ளினா திறந்துக்கும், தனியா படுக்கவே பயமா இருக்குன்னு..."

சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

மாமா விளக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார். சமையலறை ஓரத்தில் பின்கதவு. சாத்தித்தான் இருந்தது. தாழ்ப்பாள் போட்டிருந்தது. வீட்டுக்கு உள்பக்கம், நெஞ்சு உயரத்தில், நாலு திருகாணி வைத்த இரும்புத் தாழ்ப்பாள். கட்டைவிரலை வைத்து அசைத்துப் பார்த்தார்.

அசையவில்லை. மரத்தோடு மரமாக இறுகிக் கிடந்தது.

"யாரும்மா இத முடுக்கினது?"

"யாரும் வரலையேண்ணே. மத்தியானம்கூட ஆடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."

விளக்கைக் கிட்டே கொண்டுபோனார். நாலு திருகாணிகளின் தலையும் மரத்துக்குச் சமமாக உட்கார்ந்திருந்தது. நாலு கீறலும் ஒரே நேராக, நூல் பிடித்து வைத்த மாதிரி நின்றது. கைத்தொழில் தெரிந்தவன் செய்கிற வேலை.

ஒவ்வொரு கீறலிலும் மரத்தூள் அப்பியிருந்தது... சொட்டச் சொட்ட, ஈரமாக.